வல்லரசுகளுக்காக ஜெபிக்கும் நம் சபைகளுக்கு: குமரியிலிருந்து ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத் திருச்சபைகளின் பேராயர்கள், ஆயர்கள், அருட்பணியாளர்கள், போதகர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும் கிறிஸ்துவுக்குள் அன்பின் வணக்கம்.

ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் உலகத் தலைவர்களுக்காக மன்றாடுகிறோம். "நாடுகளை ஆளுகிறவர்களுக்கு ஞானத்தைத் தாரும், உலகில் சமாதானம் நிலவச் செய்யும்" என்று இரண்டு வரியில் அது முடிந்துவிடுகிறது. அதிகாரமுள்ளவர்களுக்காக ஜெபிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமே சொல்கிறது, ஆகவே ஜெபிப்பதில் குறையில்லை. ஆனால் யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்கள் செய்வது நியாயமா அநியாயமா என்று அளந்து பார்க்க நம் மக்களுக்கு நாம் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் அமெரிக்காவோ ரஷ்யாவோ இஸ்ரேலோ சீனாவோ ஒரு காரியம் செய்தால், வாட்ஸ்அப்பில் முதலில் வந்த விளக்கமே நம் இளைஞர்களுக்கு வேத விளக்கமாகிவிடுகிறது.

நாங்கள் கிறிஸ்தவ நெறியியல் கற்பிக்கிறவர்களும், கடற்கரை ஊர்களில் சட்ட உதவிப் பணி செய்கிறவர்களும். நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். எளிய நாட்டின்மேல் தான் சுமத்துகிற சட்டத்துக்குத் தானும் கீழ்ப்படிகிற நாடே உலகத்துக்குத் தலைமை தாங்கத் தகுதியுள்ளது. அந்த நாட்டின் அதிபர் பைபிளின்மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்கிறாரா, அங்கிருந்து நம் மிஷனுக்குப் பணம் வருகிறதா, நம் பிள்ளைகளுக்கு விசா கிடைக்கிறதா என்பதெல்லாம் அளவுகோல் ஆகாது.

வேதத்தில் இதற்கு நல்ல அடித்தளம் உண்டு. ஆமோசின் முதல் இரண்டு அதிகாரங்களைத் திறந்து பாருங்கள். "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்று எட்டு நாடுகள்மேல் வரிசையாகக் குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. தமஸ்கு, கைப்பற்றிய கீலேயாத்து மக்களை இரும்புக் கருவிகளால் நசுக்கியது. காசா, சிறைப்பிடித்தவர்களை மொத்தமாக ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தது. தீரு, சகோதர உடன்படிக்கையை மறந்தது. ஏதோம், பகையை ஆறவே விடவில்லை. அம்மோன், எல்லையை விரிவாக்குவதற்காகக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. மோவாப், ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டது. மோவாபின் குற்றத்தில் இஸ்ரவேலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. புறஜாதி நாடொன்று இன்னொரு புறஜாதி நாட்டின் பிணத்தை அவமதித்தது, அவ்வளவுதான். அதற்கும் கடவுள் வழக்கெடுக்கிறார். போர்க்கைதிகளையும் பொதுமக்களையும் இறந்தவர் உடல்களையும் எப்படி நடத்த வேண்டும் என்று 1949இன் ஜெனீவா ஒப்பந்தங்கள் வகுத்தன. அந்தக் கவலை அத்தனையும் ஆமோசில் ஏற்கெனவே இருக்கிறது. வரிசையின் முடிவில் யூதாவும் இஸ்ரவேலும் வருகின்றன. எட்டிலும் நீளமான குற்றச்சாட்டு இஸ்ரவேலின்மேல்தான்.

மேற்காசியாவில் போர் மூளும்போதெல்லாம் சிலர் மேடை போட்டு, வரைபடம் விரித்து, எந்த நாடு எந்தத் தீர்க்கதரிசனத்தில் வருகிறது என்று விளக்குகிறார்கள். ஒரு தரப்பின் குண்டுக்கு ஆமென் சொல்கிற கூட்டத்தையும் நம் மாவட்டத்தில் பார்க்கிறோம். இது எங்களை மிகவும் வேதனைப்படுத்துகிறது. காசாவையும் இஸ்ரவேலையும் ஒரே நியாயாசனத்தின் முன் நிறுத்துகிறார் ஆமோஸ். அவரை வாசித்த சபை எந்தத் தரப்பில் பிணையாளைப் பிடித்தாலும், எந்தத் தரப்பில் குழந்தைகளைப் பட்டினி போட்டாலும் அதைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும்.

ஆளுகிறவனுக்கான நேரடிச் சட்டம் உபாகமம் 17ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களில் இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் இணைச்சட்டம் என்று தேட வேண்டும். ராஜா தனக்குக் குதிரைகளைப் பெருக்கக் கூடாது. குதிரைகளுக்காக ஜனங்களை எகிப்துக்குத் திரும்பப் போகப்பண்ணக் கூடாது. வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்கக் கூடாது. குதிரை அன்றைய படைத்தளவாடம். அதாவது ஆயுதக் குவிப்புக்கும், அதற்காகச் சொந்த மக்களையே விலைபேசுவதற்கும், செல்வக் குவிப்புக்கும் வரம்பு கட்டப்படுகிறது. அதன்பின் சட்டத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்கிறது. தன் சகோதரர்மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளக் கூடாது என்பதே காரணம். இயேசுவும் மாற்கு 10இல் இதையே எடுக்கிறார். ஜாதிகளின் பெரியவர்கள் கடினமாய் அதிகாரம் செலுத்துவதைக் காட்டி, "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்கிறார்.

இதெல்லாம் நம் கடலில் எப்படி நடந்தது என்று பாருங்கள். சோமாலியக் கடற்கொள்ளையைக் காரணம் காட்டி, சர்வதேசக் கப்பல் உரிமையாளர் சங்கங்கள் பெரிய நாடுகளின் கடற்படைகளோடு கலந்து 'அதிக ஆபத்துப் பகுதி' என்று கடலில் எல்லை வரைந்தன. 2010இல் அந்த எல்லையைக் கிழக்கே 78ஆவது தீர்க்கரேகை வரைக்கும் நீட்டினார்கள். கன்னியாகுமரி முனை சுமார் 77.5 பாகையில் இருக்கிறது. கோடு நம்மைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டது. கொல்லம், நீண்டகரை, குளச்சல், தூத்தூர் மீனவர்கள் தலைமுறைகளாகத் தூண்டில் போட்ட கடல் முழுவதும் அன்றிலிருந்து கொள்ளையர் நடமாடும் கடலாக எழுதப்பட்டது. அந்தப் பகுதியில் போகிற கப்பலுக்குக் காப்பீட்டுச் செலவு கூடியது. துப்பாக்கிக் காவலோடு கப்பல்கள் வந்தன. கப்பல் மேல்தளத்தில் நிற்கிற வெளிநாட்டுக் காவலனுக்கு, வேகமாக வருகிற சிறு படகு கொள்ளையன் படகாகவே தெரியும். வலையோ தூண்டில் கயிறோ அறுந்துவிடக் கூடாது என்று கப்பலை விலக்கப் படகு குறுக்கே வருவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கோடு வரைந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் நம்மிடம் கேட்கவும் இல்லை.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில், இத்தாலியக் கொடியுடன் சென்ற என்ரிகா லெக்ஸி எண்ணெய்க் கப்பலிலிருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். படகு நம் மாவட்டத்துப் படகு. இறந்தவர்களில் ஒருவர் நம் மாவட்டத்துப் பிள்ளை. படகுக்குப் பெயர் தந்த அந்தோனியார் அடக்கமாகியிருக்கிற பதுவை நகரம் இருப்பது இத்தாலியில். சுட்டவர்களின் நாடும் செத்தவர்களின் ஊரும் ஒரே புனிதரிடம் மன்றாடுகிறவர்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

பிறகு நடந்ததைப் பலர் அரைகுறையாகவே அறிந்திருக்கிறார்கள். கேரளத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை, மத்திய அரசே தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2015இல் இத்தாலி, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020 மே 21 தேதியிட்ட தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் வந்தது: அந்த வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்தியக் குற்றவியல் நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது. அதே தீர்ப்பு, படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் சேதத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. குற்ற விசாரணையைத் தன் நாட்டில் மீண்டும் தொடங்குவதாக இத்தாலி வாக்குக் கொடுத்தது. 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்தது. குடும்பத்துக்கு 4 கோடி வீதமும் படகு உரிமையாளருக்கு 2 கோடியும் என்று ஒதுக்கி, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது. படகில் உயிர் தப்பிய ஒன்பது தொழிலாளர்களின் பெயர் இந்தப் பங்கீட்டில் இல்லை. மறுபடியும் நீதிமன்றம் ஏறி, 2022 நவம்பரில்தான் உரிமையாளரின் பங்கிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் என்று ஆணை பெற்றார்கள். 2022 ஜனவரியிலேயே ரோம் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்காமல் முடித்துவிட்டது. ஆக, எந்த நாட்டிலும் குற்றவியல் நீதிமன்றத்தின் முழு விசாரணையில் மீனவர்களின் சாட்சியம் கேட்கப்படவில்லை. கோடும் பின்னால் நகர்ந்தது. 2015 டிசம்பரில் கிழக்கு எல்லையை 65 பாகைக்குப் பின்தள்ளினார்கள். 2023 ஜனவரி 1 முதல் அந்த ஆபத்துப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

ஒரு நாட்டின் அரசுப் பணியாளரை இன்னொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிற இறையாண்மை விலக்கு பழைய சட்டக் கோட்பாடு. அதற்கென்று காரணங்கள் உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் விலக்குக் கேட்கிற நாடு, இன்னொருவன் நீதிமன்றத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்லும்போதே, என் நீதிமன்றத்தில் நிற்கிறேன் என்றும் சொல்லியாக வேண்டும். இதே சம்பவத்தை ஒரு நீதியுள்ள நாடு எப்படிக் கையாண்டிருக்கும் என்று நம் வகுப்புகளில் படிப்படியாகக் கேளுங்கள். முதல் வாரத்திலேயே குடும்பங்களின் செலவை ஏற்றிருக்கும். எப்போது சுடலாம் என்று வீரர்களுக்குக் கொடுத்திருந்த கட்டளையை வெளியிட்டிருக்கும். படகில் இருந்தவர்களின் சாட்சியத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் காணொளி வழியாகத் தன் நீதிபதி முன் கேட்டிருக்கும். தீர்ப்பு விடுதலையாகவே இருந்தாலும் காரணங்களைக் குடும்பத்தின் மொழியில் எழுதி அனுப்பியிருக்கும். இவற்றில் எதற்கும் புதிய உலகச் சட்டம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் தெற்கே, கன்னியாகுமரியிலிருந்து ஏறக்குறைய 1,800 கிலோமீட்டரில். சூரைக்கும் சுறாவுக்கும் தங்கல் போகிற, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற, தூத்தூர்ப் பகுதிப் படகுகளுக்குச் சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டியகோ கார்சியா தெரிந்த பெயர். அந்தக் கடலில் நுழைந்து பிரிட்டிஷ் காவலில் அகப்பட்ட நம் மீனவர்கள் உண்டு. அனுமதியில்லாத கடலில் மீன் பிடிப்பது தவறுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடலுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொரீஷியசுக்கு 1968இல் விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965இல், சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் தனியே வெட்டியெடுத்தது. 1966இல் டியகோ கார்சியாவைப் படைத்தளத்துக்காக அமெரிக்காவுக்கு 50 ஆண்டுக்குத் தர ஒப்பந்தமானது. கைம்மாறாக, பிரிட்டன் வாங்கிய போலரிஸ் ஏவுகணைகளின் விலையில் 14 மில்லியன் டாலர் ரகசியமாகக் கழிக்கப்பட்டது. 1968க்கும் 1973க்கும் இடையில் 1,500 முதல் 2,000 பேர் வரை தீவுகளைவிட்டு அகற்றப்பட்டார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்துப் புகையேற்றிக் கொன்றார்கள். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை நிரந்தரக் குடிகள் அல்லாத ஒப்பந்தக் கூலிகள் என்று அதிகாரிகள் கோப்புகளில் எழுதிவைத்தார்கள். 1 இராஜாக்கள் 21இல் நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு நேர்ந்ததும் இப்படித்தான். ஆகாப் முதலில் பணம் தருகிறேன் என்றான். நாபோத் மறுத்ததும் யேசபேல் அரச முத்திரையோடு கடிதம் எழுதி, உபவாசம் கூறச்சொல்லி, இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தி, நீதிமன்ற நடைமுறை எதையும் விடாமல் செய்தாள். பறிப்பதற்குச் சட்டத்தின் வடிவம் கொடுப்பதுதான் அந்த அதிகாரத்தின் பாடம். சாகோஸ் மக்கள் விஷயத்தில் அந்தப் பொய்ச்சாட்சி ஒரு கோப்புக் குறிப்பு.

2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற கணக்கில், பிரிட்டன் அந்தத் தீவுகளின் நிர்வாகத்தை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபை 116 வாக்குகளோடு அதை ஆதரித்தது, எதிர்த்தவை 6. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீஷியசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தீவுகள் மொரீஷியசுக்கு, டியகோ கார்சியா 99 ஆண்டுக்குப் பிரிட்டனின் பொறுப்பில். டியகோ கார்சியாவில் பிறந்தவர்கள் அங்கே போய்க் குடியேற அதிலும் வழியில்லை. இரண்டு அரசுகள் மேசையில் பேசி முடிக்கும்போது தோட்டத்துக்காரன் வெளியே நிற்பது பழைய பழக்கம்.

நம் சபைகள் இதைப் பேசத் தயங்குவதற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறோம். வல்லரசின் கையிலிருந்து நாம் நன்மை பெற்றிருக்கிறோம். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வர முடிந்ததும், ஆலயத்துக்கு அனுமதி கிடைத்ததும் திருவிதாங்கூரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் மெக்காலேயின் உதவியால்தான். அதே மெக்காலேதான் 1805 உடன்படிக்கையால் திருவிதாங்கூரின்மேல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் படைச்செலவைச் சுமத்தினார். அந்தப் பாக்கியைக் கேட்டு நெருக்கியதில்தான் தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் அறைகூவல் விடுத்தார். 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்துக்கொண்டு நம் மண்ணில் இறங்கியது. ஆலயத்துக்கு அனுமதி வாங்கித் தந்தவரும் கப்பத்தை வசூலித்தவரும் ஒருவரே. நம் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்திலும் இதே கலவைதான். சென்னை ஆளுநர் டிரெவெலியன் கொடுத்த அழுத்தம் இல்லாமல் 1859 ஜூலை 26 அறிவிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். நன்றியோடு அதை நினைக்க வேண்டும். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற விலக்கும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. அதோடு பேரரசு திருப்தியடைந்துவிட்டது. வலிமை எளியவருக்காகப் பேச முடியும் என்பதற்கும், தனக்கு வேண்டியது கிடைத்ததும் பாதியில் நின்றுவிடும் என்பதற்கும் நம் பாட்டிமாரின் உடையே சாட்சி. நன்மை பெற்றவர்கள் என்பதற்காக நியாயம் கேட்கும் உரிமையை நாம் இழந்துவிடவில்லை.

போர், பொருளாதாரத் தடை, வீட்டோ (ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பு நாடுகள் போடுகிற தடுப்பு வாக்கு) ஆகிய மூன்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் செய்தியில் அடிக்கடி வருபவை இவைதான். போருக்கு அக்குவினா தோமையார் மூன்று நிபந்தனை வைத்தார்: முறையான அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2309ஆம் பத்தியில் இன்னும் கடுமையாகச் சொல்கிறது. தீங்கு நிலையானதும் உறுதியானதுமாக இருக்க வேண்டும், வேறு வழி எல்லாம் அடைபட்டிருக்க வேண்டும், வெற்றிக்கு வாய்ப்பு இருக்க வேண்டும், போரால் வருகிற கேடு நீக்கப்படுகிற கேட்டைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. போர் தொடங்கும் நாளிலேயே இவற்றைக் கேட்க வேண்டும். 2003இல் ஈராக்கின்மேல் படையெடுப்பதற்கு முன்பே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் உலகத் திருச்சபைகள் மன்றமும் கூடாது என்றார்கள். சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. வேறு வழி அடைபட்டதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே, ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்திருக்கும்.

தடை குண்டைவிட மென்மையானது என்ற எண்ணம் தவறு. 1990இல் ஈராக்குக்கு விதித்த தடையில் மருந்துக்கு விலக்கு இருந்தது. ஆனால் தண்ணீர் சுத்திகரிக்கிற குளோரினும் பம்புகளின் உதிரிபாகங்களும் ஆயுதத்துக்கும் பயன்படலாம் என்று ஐ.நா. குழுவில் மாதக்கணக்கில் முடங்கின. மருந்து வந்தாலும் குடிக்கிற தண்ணீர் அழுக்காக இருந்தால் குழந்தை பிழைக்காது. இன்றும் காகிதத்தில் விலக்கு இருக்கும்போதே வங்கி பயந்து பணத்தை நிறுத்திவிடும், கப்பல் காப்பீடு கிடைக்காது. அதனால்தான் 2022 டிசம்பரில் பாதுகாப்பு மன்றம் 2664ஆம் தீர்மானத்தில் மனிதநேய உதவிக்குப் பொதுவிலக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. தடை என்ற செய்தி வந்தால் மூன்று விஷயம் விசாரியுங்கள்: எப்போது முடிகிறது, யாருடைய சொத்து முடக்கப்படுகிறது, மருத்துவமனைக்குப் பணம் போகிற வழி திறந்திருக்கிறதா.

வீட்டோவைப் பற்றி ஒரு நுணுக்கம். ஐ.நா. சாசனத்தின் 27ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு, தகராறை அமைதியாகத் தீர்க்கிற தீர்மானங்களில் அந்தத் தகராறில் சம்பந்தப்பட்ட நாடு வாக்களிக்கக் கூடாது என்கிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்ற நம் ஊர்ப் பஞ்சாயத்து நியாயம்தான். அது எழுத்தில் இருக்கிறது, நடைமுறையில் தூங்குகிறது. 2022 ஏப்ரல் முதல், வீட்டோ போட்டால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும் என்ற ஏற்பாடாவது வந்திருக்கிறது.

இனி உங்களிடம் கேட்பவை. மன்றாட்டில் பொதுச்சொல்லை விட்டுவிட்டு இடத்தையும் செயலையும் சொல்லி ஜெபியுங்கள். "உலக சமாதானத்துக்காக" என்பதற்குப் பதில், "சாகோஸ் மக்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளுக்கருகே குடியிருக்க வழி திறக்கும்படி, பிரிட்டன், அமெரிக்கா, மொரீஷியஸ் அரசுகளின் மனதைத் திருப்பும்" என்று வரட்டும். கூடவே நம் நாட்டுக்கான ஒரு விண்ணப்பமும் தவறாமல் வரட்டும்.

மறைக்கல்வியிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் மேல்வகுப்புகளுக்கு நான்கு வாரப் பாடம் போதும். உபாகமம் 17, ஆமோஸ் 1-2, நாபோத், மாற்கு 10. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்காலச் சம்பவம், 40 நிமிடம். இந்தப் பாடம் கெட்டுப்போகிற இடங்கள் எங்களுக்குத் தெரியும். ஆசிரியர் தன் கட்சியைப் பேச ஆரம்பித்துவிடுவார், அல்லது பிள்ளைகள் ஒரு நாட்டின்மேல் வெறுப்போடு வீட்டுக்குப் போவார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு. நான்காம் வாரத்தின் சம்பவம் எப்போதும் இந்தியாவைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

கடற்கரைச் சேகரங்களிலும் பங்குகளிலும், கடலில் வெளிநாட்டுக் கப்பலால் சம்பவம் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படகோட்டும் ஸ்ராங்குகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். கப்பலின் பெயரும் பதிவுத் துறைமுகமும் பின்பக்கத்தில் எழுதியிருக்கும்; கூடவே ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணும் வெளியே தெரியும்படி பொறித்திருக்கும். பெயரை மாற்றலாம், அந்த எண் கப்பல் உடைபடும்வரை மாறாது. ஆகவே எண்ணைத்தான் முதலில் படம்பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். நினைவகம் நிரம்பினால் பழைய பாதை அழிந்துவிடும் என்பதால் கரைக்கு வந்ததும் அதைப் பிரதி எடுக்க வேண்டும். ஆபத்து அழைப்புக்கான விஎச்எஃப் வானொலி 16ஆம் அலைவரிசையில் உடனே அழைக்க வேண்டும். கரையிலிருப்பவர்கள் கடலோரக் காவல்படையின் 1554க்கும், கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையின் 1093க்கும் சொல்ல வேண்டும். போலீஸ் மகசர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை) எழுதும்வரை படகைப் பழுதுபார்க்கவோ சாயம் பூசவோ கூடாது. துளைபட்ட பலகையை மாற்றிவிட்டால் குண்டு வந்த கோணமே காணாமல் போய்விடும். தொழிலாளர்கள் கூடிப் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் அவரவர் பேச்சிலேயே தனித்தனியாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்து படகேறியவர்கள் உட்பட எல்லாப் பெயரும் முதல் புகாரிலேயே வர வேண்டும். ஒன்பது பேர் மறுபடி நீதிமன்றம் ஏற நேர்ந்ததை மறக்காதீர்கள். கடல் சட்ட உடன்படிக்கையின் 94ஆம் பிரிவு, கப்பல் விபத்திலோ கடற்பயணச் சம்பவத்திலோ வேற்று நாட்டாருக்கு உயிர்ச்சேதம் நேர்ந்தால் கொடி நாடு, அதாவது கப்பல் யாருடைய கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு, விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுகிற கடிதத்துக்கும் வெறும் வருத்தக் கடிதத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கடைசியாக, கடிதங்கள். நம் சபைகளுக்கு வல்லரசு நாடுகளில் கூட்டுச் சபைகளும் நண்பர்களும் உண்டு. அவர்களிடம் நன்கொடைக்கு எழுதுகிறோம், ஆலயப் பிரதிஷ்டைக்கு அழைக்கிறோம். இனி நியாயத்துக்கும் எழுதுவோம். இங்கிலாந்துத் திருச்சபையின் 26 பேராயர்களுக்குப் பிரபுக்கள் சபையில் இடம் இருக்கிறது. அரசிடம் அவர்கள் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு சம்பவம், ஒரு தேதி, ஒரு சட்டப் பிரிவு, ஒரே ஒரு வேண்டுகோள். பத்து அக்கிரமங்களைப் பட்டியல் போட்ட கடிதத்துக்கு யாரும் பொறுப்பாகப் பதில் எழுத முடியாது.

முதலில் மூன்று கடிதங்கள் போகட்டும் என்பது எங்கள் யோசனை. இத்தாலிய ஆயர்களுக்கு ஒன்று: ரோமில் வழக்கை முடித்த ஆணையை முழுமையாக வெளியிட்டு, தமிழிலும் மலையாளத்திலும் குடும்பங்களுக்குத் தரும்படி தங்கள் அரசைக் கேட்க வேண்டும். இங்கிலாந்துப் பேராயர்களுக்கு ஒன்று: டியகோ கார்சியாவில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே குடியேறும் உரிமை பற்றி.

மூன்றாவது புதுடெல்லிக்கு. நம் மாவட்டத்து முகாம்களிலேயே இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கிறார்கள். இங்கே பிறந்து, இங்கே படித்து, குடியுரிமை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் அங்கே உண்டு. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. பாக் நீரிணையிலோ தமிழகத்து இழுவைமடிப் படகுகள் வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. அங்கே பெரிய நாடு நாம், எளியவர்கள் அவர்கள். இத்தாலிக்கும் பிரிட்டனுக்கும் எழுதுகிற கையால் இதையும் எழுத வேண்டும். மூன்றும் ஒரே தபாலில் போக வேண்டும்.

மூன்றுக்கும் வரைவு எழுதி வைத்திருக்கிறோம். எந்தப் பேராயர் இல்லமும், எந்தச் சேகரமும் கேட்டால் அனுப்புகிறோம். கையெழுத்திடுவதற்கு முன் முதல் கடிதத்தைத் தூத்தூர்ப் பகுதியில் தங்கல் போகிறவர்களிடமும், மூன்றாவதை முகாம் மக்களிடமும் வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
நெறியியல் ஆசிரியர்களும் கடற்கரைச் சட்ட உதவிப் பணியாளர்களும்,
கன்னியாகுமரி மாவட்டம்